ஓடைக்கரை வழியே இரண்டு காடுகளை இணைக்க உதவுங்கள்: நன்கொடை வேண்டுகோள்

தோட்டத்து உறவுகளுக்கும், இங்கே பிறந்து இன்று கொழும்பிலும் வெளிநாடுகளிலும் கூடலூர், கோத்தகிரிப் பக்கமும் வாழும் எங்கள் சொந்தங்களுக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷன் வரை இறங்கி வருகிற ஓடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் இரண்டு கரையிலும் நாட்டு மரங்களை நட்டு, மலை உச்சியில் மிஞ்சியிருக்கும் காட்டையும் கீழே பள்ளத்தில் இருக்கும் சின்னக் காட்டையும் ஒன்றாகச் சேர்க்க முடிவெடுத்திருக்கிறோம். கரையோர நிலத்தை விட்டுத் தரத் தோட்ட நிர்வாகம் எழுத்தில் சம்மதம் தந்துவிட்டது. கன்று வளர்க்கத் தெரிந்த கைகளும் இங்கே இருக்கின்றன. பணம்தான் போதவில்லை. மூன்று வருட வேலைக்கு 12 இலட்சம் ரூபா வேண்டும்.

“காடுதான் ஏற்கெனவே இருக்கிறதே, எதற்கு இவ்வளவு செலவு?” என்று கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

அந்த இரண்டு காடுகளுக்கும் நடுவில் ஒரு முழுத் தேயிலை மலை கிடக்கிறது. நமக்கு அது கொஞ்ச நேர நடை. ஒரு தவளைக்கு அது கடக்க முடியாத வெயில் வெளி. இலங்கையில் 100க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. அவற்றில் புதர்த்தவளைகள் பல, தண்ணீரில் முட்டையிடுவதில்லை. காட்டுக்குள் ஈரமான சருகிலோ இலையிலோ முட்டையிடும். தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். தோல் காய்ந்தால் அது செத்துவிடும். தேயிலைச் செடியைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டிய மலையில் வெயில் அடிக்கிற நாளில் அது எங்கே போகும்? அப்படியென்றால் உச்சிக் காட்டில் இருப்பவை அங்கேயே முடங்கிவிடுகின்றன. ஒரு கடும் வரட்சியிலோ நோயிலோ அவை அழிந்தால், அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து எதுவும் ஏறி வர முடியாது. காடு பச்சையாகவே தெரியும், ஆனால் உள்ளே ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும்.

மரங்களுக்கும் இதே கதைதான். காட்டுப்புறாவும் குக்குறுவானும் பழம் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட்டால்தான் பல மரங்களுக்கு அடுத்த தலைமுறை உண்டு. நிழலை விட்டு வெளியே வரத் தயங்குகிற பறவைகள் இந்த மலைகளில் நிறைய. உட்கார்ந்து போக வழியெங்கும் மரம் இருந்தால் அவை போய் வரும்.

ஒரே பயிரை மலை மலையாக நிரப்பினால் என்ன நடக்கும் என்பதை நம் முன்னோர் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களைக் கடல் கடந்து கூட்டி வந்தது கோப்பிக்காக. 1869இல் கோப்பி இலையில் துருப்போலப் படியும் பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இடைவெளியே இல்லாமல் கோப்பி நின்றதால் காற்றோடு அது மலைக்கு மலை தாவியது. சில பத்தாண்டுகளில் கோப்பித் தொழில் விழுந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை நட்ட தேயிலைதான் அப்புறம் அந்த இடத்தைப் பிடித்தது. நோய் காற்றில் பரவுவதைத் தடுக்க இடையிடையே மரவேலி வேண்டும் என்ற பேச்சு அந்தக் காலத்திலேயே எழுந்தது. நாம் இன்று செய்யப்போவதும் ஏறக்குறைய அதுதான்.

தேயிலைக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. கொழுந்தைச் சுருட்டித் தின்கிற புழு ஒரு காலத்தில் நம் தோட்டங்களுக்குப் பெரும் தலைவலி. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து, ஆளைக் கொட்டாத ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டுப் புழுவை அடக்கியது. 1950களில் தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் மருந்தை அடித்தபோது இந்தக் குளவியும் சேர்ந்து செத்தது, சுருட்டுப் புழு திரும்பவும் கிளம்பிவிட்டது. காசு வாங்காமல் வேலை செய்த காவல்காரனை நாமே விரட்டியது போல ஆயிற்று. இப்படிப்பட்ட சின்னக் குளவிகள் பூந்தேன் குடித்து வாழ்பவை. ஓரத்தில் பூக்கிற செடியும் மருந்து படாத நிலமும் இல்லாவிட்டால் அவை தங்காது.

மண்ணைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைநீர் வடிகிற கான் தூர்ந்துபோன மலையில் மழை பெய்தால் ஓடை எந்த நிறத்தில் ஓடும் என்பது பீலியில் தண்ணீர் பிடித்த எல்லோருக்கும் தெரியும். புல்வெட்ட ஆள் குறைந்த பிறகு களைநாசினி அடித்து நிலத்தை மொட்டையாக்குவது வழக்கமாகிவிட்டது. கிளைபோசேற் என்ற களைநாசினியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தையும் மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, அந்த வருடம் முடிவதற்குள் முடிவை மாற்றினார்கள். ஒரே இரவில் போடும் கட்டளையால் நிலம் திருந்தாது என்பதே எங்கள் எண்ணம். வேர் பிடிக்க வருடங்கள் வேண்டும், அதற்கு ஊரே கூட இருக்க வேண்டும்.

நம் ஓடை ஆக்ரா ஓயா என்ற ஆற்றில் விழுகிறது. அது கொத்மலை ஓயாவாகித் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குப் போய், அப்புறம் மகாவலியில் சேர்கிறது. இங்கே கரையும் ஒவ்வொரு கூடை மண்ணும் யாரோ ஒருவருடைய நீர்த்தேக்கத்தில்தான் போய்ப் படிகிறது. ஓடையோரம் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருப்பவர்கள் வேறு யாருமில்லை, நம் ஆட்கள்தான். அவர்களை எழுப்பிவிடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மரக்கறிப் பாத்திக்கும் தண்ணீருக்கும் நடுவில் மூன்று வரிசை மானாப்புல்லும் புதரும் வைக்க அவர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அடித்த உரமும் மருந்தும் நேராகப் பீலிக்குப் போகாமல் இருக்க இது பெரிய உதவி.

காடு வந்தால் சிறுத்தையும் குளவியும் வருமே என்ற பயத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழுந்தெடுக்கப் போன எத்தனையோ பேர் குளவி கொட்டி உயிரை விட்டிருக்கிறார்கள். அதனால் லய வீடுகளுக்குப் பக்கத்திலும் கொழுந்துப் பாதையோரமும் உயர மரம் நட மாட்டோம். அங்கே புதர்ச்செடிகள் மட்டும். கூடு கட்டிய மரங்களுக்கு அடையாளம் போட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் காலையிலேயே சொல்ல ஒருவர் பொறுப்பேற்றிருக்கிறார். சிறுத்தை ஏற்கெனவே இந்த மலைகளில் நடமாடுகிறது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அது மாட்டுவதுதான் ஆளுக்கும் அதற்கும் ஆபத்து. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் இறந்துபோனது. ஆகவே ஓடைக்கரை முழுக்கச் சுருக்குகளைத் தேடி அகற்றுவதும் இந்தத் திட்டத்தில் உண்டு.

2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மண்சரிவில் மண்ணுக்குள் போன லயங்களை நினைக்காமல் எங்களால் மழைக்காலத்தைக் கடக்க முடிவதில்லை. மரம் நட்டால் மண்சரிவே வராது என்று நாங்கள் வாக்குத் தரவில்லை. கானைத் துப்புரவாக்கி, கரையை வேரால் பிடித்து வைப்பது நம் கையில் இருக்கிற வேலை, அதைச் செய்கிறோம்.

பணம் எங்கே போகும்? பெரும்பகுதி கூலிக்கு. நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போகிற வேலையில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. முதல் இரண்டு வருடம் களையும் கொடியும் மூடித்தான் கன்றுகள் சாகின்றன. வேலையில்லாமல் இருக்கும் நம் பெண்கள் நான்கு பேருக்கு மாதம் சில நாள் சம்பளம் கொடுத்துக் கன்றுகளைப் பராமரிக்கப்போகிறோம். அடுத்த செலவு நாற்றுமேடை. காட்டுச் செண்பகம், காட்டுக் கறுவா, கீன, நாவல் இனத்து மரங்கள் எல்லாம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. வனத் திணைக்களத்தின் அனுமதியோடு விதை பொறுக்கி நாங்களே முளைக்க வைக்க வேண்டும். மிச்சம் வேலிக்கும் விறகு மரத்துக்கும். கவ்வாத்தில் வெட்டிய குச்சியான மிலாறு மலையிலேயே கிடந்தால் மண்ணுக்கு நல்லது, ஆனால் அடுப்பெரிக்க வீட்டுக்கு எடுத்துப் போகாமல் எப்படி இருப்பது? அதனால் ஓடையிலிருந்து தள்ளி, மேட்டில் விறகுக்கென்றே கிரவீலியா நடுகிறோம். தண்ணீரை உறிஞ்சும் டர்பன்டைன் மரம் ஊற்றுப் பக்கம் ஒன்றுகூட நடப்படாது.

ஒரு கன்றை வளர்த்து, நட்டு, இரண்டு வருடம் காப்பாற்ற 400 ரூபா ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். ஒரு கன்றுக்கானாலும் சரி, ஒரு குடும்பத்தின் பெயரில் ஒரு வரிசைக்கானாலும் சரி, மனதாரத் தாருங்கள். வங்கிக் கணக்கு இலக்கம் கோயில், தேவாலயம், பாடசாலை அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வீட்டாரிடம் சொல்லிக் கேட்டு அனுப்பலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே பலகைகளில் வரும்.

மே மாத மழையோடு நடுகை தொடங்கும். அதற்கு முன் பைகளுக்கு மண் நிரப்ப வேண்டும். பணம் தர வசதியில்லாதவர்கள் ஞாயிறு காலை எட்டு மணிக்கு, மேல் டிவிஷனில் இருக்கும் பிள்ளைமடுவத்துக்கு (பிள்ளைக் காப்பகத்துக்கு) வாருங்கள். தேநீரும் ரொட்டியும் குழுவின் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓடைக்கரை நடுகைக் குழுவினர்