பூண் கழன்றதற்குக் காரணம் நான்தான்

அன்புள்ள ராசா,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ அடித்த கத்தி நன்றாகத்தான் இருக்கிறது. பிடியின் கழுத்தில் மாட்டிய பித்தளை வளையம், அந்தப் பூண், ஆடுகிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அது உன் கைக்குற்றம் இல்லை. போன தடவை பிடிக்கென்று பெட்டியில் வைத்துக் கொடுத்தேனே புளியங்கட்டை, அது வெட்டி நாலு மாதம்கூட ஆகாதது. திருப்பாச்சேத்தி வெயிலில் மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரம் இருந்திருக்கும். பெர்லினில் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுகிற வீட்டில் மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. அப்புறம் பூண் எப்படி நிற்கும்?

அடுத்த கத்திக்கு எந்த இரும்பு எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். இரும்பின் பேர், நம்பர் எல்லாம் உன் அப்பா பார்த்ததில்லை. லாரிக்கு அடியில் வில்லாக இருக்கும் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, சட்டென்று முக்கிக் குளிரவைத்துத் தோய்ச்சல் போட்டு, சம்மட்டியால் உடைத்துப் பார்ப்பார். உடைந்த இடம் திருநீறு மாதிரி நைசாக இருந்தால் சரி. சீனி சீனியாக மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். உடையாமல் வளைந்தால் கத்திக்கு ஆகாது. கட்டடக் கம்பி அப்படித்தான் வளையும்.

பழைய பட்டையில் மட்டும் கவனமாக இரு. ஒரு தடவை அப்பா அடித்துக் கொடுத்த அரிவாள் இளநீர் சீவும்போதே இரண்டாகப் போனது. முறிந்த முகத்தில் பாதி கறுத்திருந்தது. லாரியில் ஓடும்போதே விழுந்த விரிசல் அது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. அதன்பிறகு பட்டையைத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்பு பூசிப் பார்க்காமல் உலையில் வைத்ததே இல்லை. விரிசல் இருந்தால் எண்ணெய் கோடாக ஊறி வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முப்பது வருஷம் துருத்தி ஊதியவள், எனக்கு நெருப்பின் நிறம் தெரியும். சூடு பார்க்க உனக்கு ஒரு காந்தம் போதும். 770 டிகிரி வாக்கில் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதற்கும் கொஞ்சம் மேலே ஏறியதும் எண்ணெயில் இறக்கு. தண்ணீர் வேண்டாம், மெல்லிய கத்தி வெடித்துவிடும். எண்ணெயை 50 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக்கொள். சூடான எண்ணெய் இளகுவதால் இன்னும் வேகமாகக் குளிர்விக்கும். இதை முதலில் நானும் நம்பவில்லை. பிறகு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வை. கத்தியின் வெட்டுவாய் வைக்கோல் நிறத்துக்கு வரும். அப்பா இதையே தணலில் காட்டி எடுப்பார்.

பிடிக்கு இன்னொரு புளியங்கட்டை அனுப்ப மாட்டேன். அங்கேயே யாராவது தூக்கிப்போட்ட பழைய நாற்காலிக் காலை எடுத்துக்கொள். அது அந்த ஊர் வீட்டுக் காற்றிலேயே காய்ந்த மரம். முனையைக் கொஞ்சம் கூம்பாக அரவி, பூணை மரம் கருகாத அளவுக்குச் சூடாக்கித் தட்டி ஏற்று. ஆறும்போது தானே இறுகும். பசை எதுவும் வேண்டாம்.

கழன்ற பூணைத் தொலைத்துவிடாதே. அது நம் பட்டறையில் அறுத்த குழாய்.

அம்மா