கிளாக்கோமா கண்புரை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உடல்நலப் பக்கத்தில் 'கிளாக்கோமா எனப்படும் கண்புரை' என்று போட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு நோய் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. புரையில் மங்குவது கண்ணின் வில்லை (லென்ஸ்). அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைக்கலாம். கிளாக்கோமாவில், பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கெடுவது கண் நரம்பு. போன பார்வை போனதுதான்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். கடைசியில் எதிரே நிற்கும் மரத்தில் கோடு பிசகாமல் உளி போடுவார்; காலருகே தானே வைத்த பால் வாளியை உதைத்துவிடுவார். ஓரப் பார்வைதான் முதலில் போகும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மருத்துவர் கிளாக்கோமா என்றார். உடனிருந்து தமிழில் சொன்னவர் 'புரைதான்' என்றார். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீடு) பாட்டி புரை எடுத்த பிறகு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சரி, நமக்கும் முற்றட்டும், தீபாவளி கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். சில வருடங்களில் அம்மா கையில் கொடுத்த காப்பிக் கோப்பையின் விளிம்பை விரலால் தடவித்தான் குடித்தார்.

பழைய கிரேக்கர் குழம்பினார்கள் என்றால் அது வேறு. 'கிளாக்கோஸ்' அவர்களுக்குக் கடலின் நீலப்பச்சை நிறம். மங்கிய கண்மணியை அப்படி அழைத்தார்கள். 'கேட்டராக்ட்' என்றால் அருவி. தலையிலிருந்து நீர் இறங்கிக் கண்ணை மறைப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். 1705-இல் பிரிசோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இறந்தவரின் கண்ணை அறுத்துப் பார்த்து, புரையில் மங்குவது வில்லையே என்று கண்டார். நம் சொல்லோ அன்றைக்கே தெளிவு. புரை என்றால் குற்றம்; வள்ளுவரின் 'புரைதீர்ந்த' என்பதும் அதே புரைதான். அதைக் கண்ட நோய்க்கெல்லாம் ஒட்டலாமா?

போன வருடம், வயதானால் கிட்ட உள்ள எழுத்து மங்கும் வெள்ளெழுத்தையும் புரை என்று போட்டீர்கள். எழுதினேன், என் கடிதம் வரவில்லை. எங்கள் தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்புச் செய்தியில் தோட்டத்தின் பெயரையே மாற்றினீர்கள். ராசிபலனுக்கு முழுப் பக்கம் தருகிறீர்கள், கண்ணுக்குக் கால் பத்தி. இருபது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவள் என்பதால் மனம் வலிக்கிறது.

திங்கட்கிழமை எங்கள் லயத்து அத்தை ஒருவர், கிளாக்கோமாவுக்கு மருந்து விடுகிறவர், பேப்பரோடு வந்தார். "இது புரைதானாமே, அப்புறம் எதுக்கு தினமும் மருந்து?" என்றார்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம் போடுங்கள்: கிளாக்கோமா என்பது கண் அழுத்த நோய், புரை அல்ல, மருத்துவரைக் கேட்காமல் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத்து வாசகி,
சுங்கை சிப்புட்