ஏரியில் போட்ட பாலாடைக்கட்டி

அன்புள்ள செல்வராஜ்,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி. தாயும் பிள்ளையும் நலம்தானே?

சபையில் நீ ஆற்றப்போகும் உரைக்கு வருகிறேன். ரோமப் பேரரசின் குடியானவர்கள் பழைய தெய்வங்களை விட்டுக் கிறிஸ்தவத்துக்கு வந்தது சட்டத்தாலா, கோயில்களை இடித்ததாலா என்று கேட்டிருந்தாய். இரண்டுமே நடந்தன. ஆனால் மழைக்கும் ஆலங்கட்டிக்கும் நோய்க்கும் யாரிடம் போவது என்ற கேள்விக்குத் திருச்சபை அந்த ஊரிலேயே பதில் வைத்த இடங்களில்தான் மாற்றம் நிலைத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் சட்டம். 392இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் வீட்டுத் தெய்வத்துக்குச் சாம்பிராணி போடுவதையும் மரத்தில் துணி நாடா கட்டுவதையும்கூடத் தடைசெய்தார். 399இல் வந்த இன்னொரு சட்டம், வயல்வெளிக் கோயில்களைக் கூட்டமும் கலவரமும் இல்லாமல் இடிக்கச் சொன்னது. ஆனால் கிராமத்தில் இதைச் செய்ய ஆள் ஏது? பாரம் பண்ணையார் தலையில்தான் விழுந்தது. இத்தாலியின் தூரின் (Turin) நகர ஆயர் (பிஷப்) மாக்சிமுஸ், நிலத்தில் நடக்கும் சிலை வழிபாட்டுக்கு நிலக்காரரே பொறுப்பு என்று பிரசங்கம் செய்தார். 502 முதல் 542 வரை தெற்கு பிரான்ஸின் ஆர்ல் நகரின் ஆயராக இருந்த செசாரியுஸ் இன்னும் கடுமை: சொல்லிக் கேட்காதவனை அடி, தலைமயிரை வெட்டு, விலங்கு போடு என்றார். அப்படியும் இடித்ததைத் திரும்பக் கட்டுகிறார்கள் என்று அவரே புலம்புகிறார். வெட்டிப்போட்ட புனித மரத்தின் கட்டையை எடுத்து அடுப்பெரிக்கக்கூட ஊரார் துணியவில்லையாம். மரம் விழுந்தாலும் பயம் விழவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையின் நோன் பள்ளத்தாக்கைப் பார். திரெந்தோ ஆயர் விஜிலியுஸ் அங்கே சிசின்னியுஸ், மார்த்திரியுஸ், அலெக்சாந்தர் என்ற மூவரை மறை பரப்ப அனுப்பினார். 397 மே மாதம் வயல்களைச் சுற்றிப் பலி மிருகங்களை ஓட்டிவரும் சடங்கு வந்தது. கிறிஸ்தவனாகியிருந்த ஒருவனையும் ஊரார் பலிக்குப் பங்கு கேட்டார்கள். அவன் கொடுக்கக் கூடாது என்று இவர்கள் தடுத்தார்கள். மே 29 அன்று மூவரும் கொல்லப்பட்டார்கள்; அவர்கள் கட்டிய கோவிலின் உத்திரங்களை அடுக்கி அதிலேயே உடல்களை எரித்தார்கள். எல்லை சுற்றும் சடங்கில் ஒரு வீடு பங்கு தராவிட்டால் காவல் ஊர் முழுவதற்குமே இல்லாமல் போய்விடும். அவர்கள் கணக்கு அதுதான். இதைத் தனிமனிதனின் நம்பிக்கைச் சுதந்திரமாகப் பார்த்தால் அந்தக் கோபம் நமக்குப் புரியவே புரியாது.

மாற்று ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதற்கு, பிரான்ஸின் தூர் (Tours) நகர ஆயர் கிரெகோரி 6ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. இடம் தெற்கு பிரான்ஸின் ழெவோதான் மலைப்பகுதி. ஆண்டுதோறும் குறித்த நாளில் குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு ஒரு மலை ஏரிக்கு வருவார்கள். துணி, ஆட்டுரோமம், பாலாடைக்கட்டி, மெழுகு, ரொட்டி என்று அவரவர் சக்திக்கு ஏற்றதைத் தண்ணீரில் போடுவார்கள். மிருகங்களை அறுத்து மூன்று நாள் விருந்து. நான்காம் நாள் கிளம்பும்போது இடியும் மின்னலும் ஆலங்கட்டியுமாகக் கொட்டும். அங்கே வந்த ஆயர் முதலில் பிரசங்கம் செய்தார், ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் புனித ஹிலாரி பெயரில் ஒரு கோவில் கட்டி, அவருடைய திருப்பண்டத்தை, அதாவது அந்தப் புனிதரின் நினைவுப் பொருளை, உள்ளே வைத்தார். சனங்கள் ஏரியில் போட்டுவந்ததையெல்லாம் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள், புயலும் நின்றது என்கிறார் கிரெகோரி. அதே மலை, அதே ரொட்டி, அதே பாலாடைக்கட்டி. வாங்கிக்கொள்பவர் மட்டும் வேறு. இதை உன் உரையின் நடுவில் வை.

வயல் சடங்குக்கும் இப்படி ஒரு மாற்று வந்தது. 470ஐ ஒட்டி பிரான்ஸின் வியன் நகர ஆயர் மாமெர்துஸ், இயேசுவின் விண்ணேற்பு விழாவுக்கு முந்திய மூன்று நாளும் நோன்பிருந்து மன்றாட்டு பாடி ஊர்வலம் வரும் வழக்கத்தைத் தொடங்கினார். 511இல் ஓர்லெயான் நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் அதை எல்லா இடத்துக்கும் ஆக்கியதோடு, அந்த மூன்று நாளும் அடிமைகளுக்கும் வேலைக்காரிகளுக்கும் வேலை கொடுக்கக் கூடாது என்றும் விதித்தது. மாற்றத்தை நிலைக்கவைத்தவை இப்படிப்பட்ட விதிகள் என்றே எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தில் பாப்பரசர் கிரெகோரி (தூர் நகர ஆயர் அல்ல, இவர் வேறு) செய்ததை நீ அறிவாய். 601 ஜூனில் கென்ட் மன்னருக்கு எழுதியபோது கோயில்களை இடி என்றார். ஜூலையில் மெல்லித்துஸ் என்ற துறவிக்கு, இடிக்காதே என்றார். சிலையை மட்டும் உடை, தீர்த்தம் தெளி, பீடம் கட்டு, திருப்பண்டம் வை. காளை அறுப்பதையும் விடச் சொல்லாதே, வேதசாட்சியின் திருநாளில் கோவிலைச் சுற்றிக் கிளைகளால் பந்தல் போட்டு, அறுத்துச் சாப்பிட்டுக் கடவுளுக்கு நன்றி சொல்லட்டும் என்பது புது ஏற்பாடு. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். ஆனால் இதே கிரெகோரி 594இல் சார்தீனியாவின் ஆயர் ஜனுவாரியுசுக்கு எழுதியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மனம் திரும்பாத குடியானவனுக்கு, தாங்காமல் ஓடிவரும் அளவுக்குக் குத்தகையை உயர்த்து. அடுத்த ஆண்டு பேரரசிக்கு எழுதியது அதைவிட வேதனை. அந்தத் தீவின் ஆளுநர் பலியிட அனுமதிக்கக் காசு வாங்கிவந்தாராம். சனங்கள் ஞானஸ்நானம் பெற்று பலியை விட்ட பிறகும் அந்தக் காசை விடாமல் வசூலித்தாராம். கேட்டதற்கு, பதவி வாங்க அவ்வளவு பணம் தருவதாக ஒப்புக்கொண்டேன், இதை வைத்துத்தான் கட்ட முடியும் என்றாராம். ஏழையிடம் இரண்டு பக்கமும் பிடுங்கிய கதை இது. நம்மைப் போல் விசுவாசத்தை மதிப்பவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும்.

போதனை யார் தலையில் என்பதும் முக்கியம். பிரசங்கம் ஆயரின் வேலையாக இருந்தது, ஆயரோ நகரத்தில். 529இல் பிரான்ஸின் வேசோனில் கூடிய ஆயர்கள் சங்கம் கிராமக் குருக்களும் பிரசங்கிக்கலாம் என்றது. குரு நோயில் கிடந்தால் அவருக்கு உதவும் திருத்தொண்டர் பழைய தந்தையரின் உரையை வாசிக்கலாம். ஒவ்வொரு குருவும் கோவிலில் வேதம் வாசிக்கும் இளம் வாசகர்களை வீட்டில் வைத்துப் பழக்கவும் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் 572ஐ ஒட்டிப் போர்ச்சுகலின் பிராகா ஆயர் மார்த்தின் எழுதிய மாதிரிப் பிரசங்கத்தில் பழைய பட்டியல் அப்படியே இருக்கிறது: பாறையிலும் ஊற்றிலும் முச்சந்தியிலும் விளக்கேற்றுதல், ஊற்றில் ரொட்டி போடுதல், அடுப்புக் கட்டைமேல் தானியமும் திராட்சை மதுவும் ஊற்றுதல், தறியில் உட்காரும் பெண் மினெர்வா என்ற ரோமத் தெய்வத்தைக் கூப்பிடுதல். இவர்கள் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்பதைச் சபைக்கு எடுத்துச் சொல்.

இன்னொன்று. இவை அத்தனையும் ஆயர்களும் அரசும் எழுதியவை. குடியானவன் தன் கையால் எழுதியது ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. ஏரியில் ரொட்டி போட்டவள் கோவிலில் அதை வைத்தபோது என்ன நினைத்தாள் என்று நீ சொல்லப் போகாதே. அவள் என்ன கொண்டுவந்தாள் என்பதை மட்டும் சொல்.

உரையை எழுதி முடித்ததும் பிரதி ஒன்று அனுப்பு. நேரம் போதவில்லை என்று சார்தீனியாவை மட்டும் வெட்டிவிடாதே.

அன்புடன்,
தாமஸ்