வீட்டோடு வரும் கடன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரிவர்சைடு பக்கம் வீடு பேசி முடிக்கப் போகிறீர்கள் என்றதும் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். சின்னவளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்ததைப் போகிற போக்கில் எழுதிவிட்டாய். அதற்குத் தனியாக போன் பண்ணுகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். "கூரையில் சோலார் இருக்கிறது, மீதிக் கடனைச் சொத்து வரியோடு கட்டிக்கொண்டு வந்தால் போதும் என்று ஏஜென்ட் சொல்கிறார்" என்று எழுதியிருந்தாய். பேஸ் (PACE) என்று இங்கே கலிபோர்னியாவில் சொல்வது அதைத்தான். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

2008இல் பெர்க்லி நகராட்சி ஆரம்பித்து வைத்த யோசனை இது. அப்போது பேனல் போட மொத்தமாகப் பெரும் பணம் வேண்டும். கையில் இருந்தாலும், ஐந்தாறு வருஷத்தில் வீடு மாறினால் போட்ட பணம் என்னாவது என்று ஜனங்கள் தயங்கினார்கள். நகராட்சியே பணம் கொடுத்து, 20 வருஷத்துக்குச் சொத்து வரியில் சேர்த்து வசூலித்தது. வீட்டை விற்றால், மிச்சத்தை வாங்குகிறவர் கட்டுவார். கடன் ஆளைச் சேர்ந்ததல்ல, வீட்டைச் சேர்ந்தது. அடுத்த வருஷமே எங்கள் சொனோமா கவுண்டியும் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) தொடங்கியது. பலன் இருந்ததா என்றால், நிச்சயமாக இருந்தது. கலிபோர்னியாவில் இந்தத் திட்டம் இருந்த ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள், இருந்த இடங்களில் கூரை சோலார் நன்றாகவே கூடியதாகக் காட்டின. அந்த யோசனைமேல் எனக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். வரிப் பாக்கி என்பதால், வீடு ஏலத்துக்குப் போனால் வங்கிக்கு முன்னால் இந்தக் கடன்தான் வசூலாகும். 2010 ஜூலையில் அமெரிக்க மத்திய வீட்டுக்கடன் கண்காணிப்பு அமைப்பு இதை எதிர்த்ததும், வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கிக்கொள்ளும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரண்டு பெரிய நிறுவனங்களும் இப்படி முன்னுரிமை வில்லங்கம் உள்ள வீட்டுக்கடன்களை வாங்க மறுத்தன. பல ஊர்களில் திட்டம் அப்படியே நின்றது. எங்கள் சொனோமா விடாமல் நடத்தியது.

அப்புறம் தனியார் நிறுவனங்கள் கவுண்டிகளோடு சேர்ந்து இறங்கின. கான்ட்ராக்டர்கள் வீடு வீடாகப் போய் விற்றார்கள். வருமானத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாவிடம், வாசலில் வைத்தே டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார்கள். அரசாங்கத் திட்டம் என்று நம்பிப் போட்டார். மாதத் தவணையோடு பணம் பிடித்துவைத்து வங்கியே வரி கட்டும் எஸ்க்ரோ கணக்கு வழியாக வரி போவதால் முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. மறுவருஷம் எஸ்க்ரோவில் துண்டு விழுந்து, பழைய பாக்கியும் புதிய வரியும் சேர்ந்து மாதத் தவணை எகிறியது. பென்ஷனில் அது எப்படித் தாங்கும்? கடைசியில் மகன்தான் கை கொடுத்தார். நல்ல திட்டத்தை இப்படி விற்றார்களே என்று எனக்கு இன்னமும் கோபம். வருமானம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டம் 2018இல்தான் நடைமுறைக்கு வந்தது. 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி, மக்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று தன் வீட்டுத் திட்டத்தையே மூடிவிட்டது.

இப்போது உன் வீடு. வீட்டின் மேல் என்னென்ன வில்லங்கம் இருக்கிறது என்று காட்டும் டைட்டில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார். சொத்து வரி ரசீதில் வழக்கமான வரிக்குக் கீழே தனித்தனியாகச் சில கட்டணங்கள் இருக்கும். இதுவும் அங்கேதான் இருக்கும். அடுத்தவருக்குக் கைமாறும் என்பது ஏட்டில்தான். பெரும்பாலான வங்கிகள் இதை வைத்துக்கொண்டு உனக்குக் கடன் தராது. அதனால் கிரயம் முடியும்போதே விற்பவர் மீதியை அடைத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல். இல்லையென்றால் விலையில் கழித்துக் கேள். தயங்காதே.

இன்னொன்று: பேனலை மின் கம்பெனியோடு இணைக்க எப்போது விண்ணப்பித்தார்கள், எந்தக் கம்பெனி என்று கேள். மாநிலத்தின் பெரிய தனியார் மின் கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரலில் விதி மாறியது. அந்தக் கம்பெனிகளில் ஒன்றாக இருந்து, விண்ணப்பம் அதற்கு முந்தையது என்றால், கம்பெனியின் மின் கம்பிகளுக்கு (கிரிட்டுக்கு) அனுப்பும் மின்சாரத்துக்கு நல்ல விலை தரும் பழைய கணக்கு, இணைத்த நாளிலிருந்து 20 வருஷம் வரை புது உரிமையாளருக்கும் தொடரும். அப்படியானால் அந்த வீட்டை விடாதே.

வரி ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கிரகப்பிரவேசத் தேதி முடிவானதும் சொல், லீவு போட வேண்டும்.

அன்புடன்,
பாலு