நட்டத்தை யார் தலையில் கட்டுவார்கள்?

கோத்தகிரி
செப்டம்பர் 14, 2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் குரல் பதிவு வந்து நாலு நாள் ஆகிறது. தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியிருக்கிறாய் போல. பாதிப் பேச்சை "ஹட்டன், ஹட்டன்" என்ற கூவல் விழுங்கிவிட்டது. மிச்சத்தில் பிடிபட்டது இவ்வளவுதான்: "அண்ணே, நீங்க சொசைட்டில கணக்கெழுதியே தலை நரைச்ச ஆளு. இந்த நாட்டுக் கடனைத் தூக்கிச் சுமக்கிற தெம்பு யாருக்கு இருக்குன்னு சொல்லுங்க. 21ஆம் தேதி ஓட்டு."

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. அப்பாவுக்கும் இருந்ததில்லை, 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழர்களான நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு போட்டார்கள். எங்க அம்மா இந்தப் பங்கில் விழுந்தாள், அவள் தங்கச்சியான உங்க அம்மா அந்தப் பங்கில். சொந்தங்கள் அழுது வழியனுப்பிய 'ஒப்பாரிக் கோச்சி' ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் கிடந்து இந்த நீலகிரி மலைக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. ஓட்டில்லாதவன் யோசனை சொல்வது சுலபம் என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். குன்னூரிலும் கூடலூரிலும் இருக்கிற நம்ம ஆட்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுடைய சொந்தங்களும் அங்கேதானே? அதனால்தான் உனக்கு எழுதுவதைப் பொதுவில் எழுதுகிறேன்.

இன்னாருக்குப் போடு என்று சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு தேர்தலைச் சொல்கிறேன். சின்னத் தேர்தல்தான்.

2000ஆம் வருஷ வாக்கில் இங்கே பச்சைத் தேயிலை விலை அடிமட்டத்துக்குப் போனது. கிலோ ஐந்து ரூபாய் பக்கம் வந்து நின்றது. பறிகூலிக்கே கட்டவில்லை. ஊர் ஊராக மறியல், உண்ணாவிரதம். அந்த நேரத்தில்தான் நான் கணக்கெழுதிய கூட்டுறவுத் தேயிலை பாக்டரி சொசைட்டிக்குத் தலைவர் தேர்தல் வந்தது. ரெண்டு பேர் நின்றார்கள். ஒருத்தர் வேனில் வந்து, ஒலிபெருக்கி கட்டி, "நான் வந்தா கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய்" என்றார். இன்னொருத்தர் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற நேரமாகப் பார்த்து இலைக் கொட்டகைக்கு வந்தார். கண்ணாடிக் காம்பை நூல் போட்டுக் கட்டியிருந்தார். காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, என்னிடமிருந்த நீட்டு நோட்டை வாங்கி, சத்தமாகப் படித்தார்.

"குன்னூர் ஏலத்துல நம்ம தூள் கிலோ முப்பத்தெட்டுக்குப் போகுது. விறகு, கரண்ட், கூலி எல்லாம் பதினாலு. மிச்சம் இருபத்தி நாலு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோ பச்சை இலை வேணும். அப்ப உங்க இலை விலை ஆறு ரூபா. அதுக்கு மேல எவன் தர்றேன்னாலும், எங்கிருந்துடா தருவேன்னு கேளுங்க."

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தராசில் தொங்கிய ஈரச் சாக்கிலிருந்து தண்ணி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. யார் ஜெயித்திருப்பார் என்று உனக்கே தெரியும். பன்னிரண்டு ரூபாய்க்காரர் கடன் வாங்கி மூன்று மாசம் எட்டு ரூபாய் கொடுத்தார். அப்புறம் ஐந்து மாசத்துக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால் 'கணக்குச் சொன்னவனுக்குப் போடு' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பியிருப்பேன். முடியவில்லையே. அடுத்த தேர்தலில் நூல் கட்டிய கண்ணாடிக்காரர் ஜெயித்தார். நானும் அவருக்குத்தான் போட்டேன். பாக்கித் தொகை மலையாக நின்றது, கையில் இருந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. யாருக்கு முதலில் கொடுப்பது? நாளுக்கு நூறு கிலோவுக்கு மேல் இலை போடுகிறவர்களுக்கு முதலில் என்றார். பெரிய ஆட்கள் வேறு பாக்டரிக்குப் போய்விட்டால் அடுப்பு அணைந்துவிடும் என்றார். கணக்குப்படி சரிதான். அவர் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அந்தப் பட்டியலில் இருந்ததும் உண்மைதான். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருந்தவர்கள் ஏழு மாசம் காத்திருந்தார்கள். பட்டியலை எழுதியது என் கை. கடைசிப் பக்கத்தில் அம்மா பெயரையும் நானேதான் எழுதினேன்.

அன்றிலிருந்து காசு முடையில் பதவி கேட்டு வருகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு ஒரே யோசனைதான்: இவர் நட்டத்தை யார் தலையில் கட்டுவார்? உன் நாட்டுக் கதையையும் அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச வரியைக் குறைப்பேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். ஒளித்து ஒன்றும் செய்யவில்லை. ஜெயித்த ரெண்டு வாரத்துக்குள் வாட் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. உள்ளே வர வேண்டிய காசு நின்றால் வட்டியை எதை வைத்துக் கட்டுவது? அந்தக் கேள்வி எடுபடவில்லை. உங்க நுவரெலியா மாவட்டம் அன்றைக்கு அவரை எதிர்த்து நின்ற சஜித் பக்கம் நின்றது, உன் மேல் பழி இல்லை. உரக் கதை இன்னும் மோசம். இயற்கை விவசாயத்துக்குப் பத்து வருஷத்தில் மாறுவோம் என்று தேர்தல் அறிக்கையில் இருந்தது, 2021 ஏப்ரலில் ஒரே போடாக ரசாயன உரம் தடை என்று வந்தது. தேயிலைச் செடியைத் தொட்டவன் எவனிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். உரத்தை நிறுத்தினால் செடி உடனே காட்டிக்கொடுக்காது, முதல் சில பறிப்பு வழக்கம்போல் வரும். அப்புறம்தான் கொழுந்து எழும்பாமல் இலை முற்றி நிற்கும். உங்க அம்மா போனில் "கூடை நெறைய மாட்டேங்குதுடா" என்று சொன்னது நவம்பரில். தடையை எடுத்ததும் அதே நவம்பரில்தான்.

அடுத்தது 2022 ஜனவரி. டாலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது, ஆனாலும் வெளிநாட்டுக் கடன் பத்திரக்காரர்களுக்கு 50 கோடி டாலரை நாள் தவறாமல் கட்டினார்கள். கட்டாதே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த டாலரை மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வைத்துக்கொண்டு கடன்காரனிடம் தவணை பேசியிருக்கலாம். ஏப்ரல் 12ஆம் தேதி எப்படியும் கடன் கட்டுவதை நிறுத்தினோம் என்று அறிவிக்கத்தானே வேண்டியிருந்தது? நூறு கிலோக்காரர்களுக்கு முதலில்! எங்க நோட்டின் முதல் பக்கம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இனி ஜனாதிபதி பதவிக்கு நிற்கிற முக்கியமான மூன்று பேர்: ரணில் விக்கிரமசிங்க, சஜித் பிரேமதாச, அனுர குமார திசாநாயக்க. (ராஜபக்சக்களின் மொட்டுச் சின்னக் கட்சிக்காரர்களை விட்டுவிடுகிறேன், அவர்களைப் பற்றி எழுதியாயிற்று.)

ரணிலுக்கு எண் தெரியும். அதை மறுக்க முடியாது. 2022 மே மாதம் பிரதமர் பதவியை யாரும் தொடப் பயந்தபோது, பாராளுமன்றத்தில் கட்சிக்கு இருந்த ஒற்றை ஆசனத்தோடு போய் உட்கார்ந்தார். அந்த செப்டம்பரில் விலைவாசி உயர்வு எழுபது சதவீதத்தைத் தொட்டது, இன்றைக்கு அது அடங்கியிருக்கிறது. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கடனும் வந்தது, ஏறக்குறைய 300 கோடி டாலர். சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாட்டில் எரிவாயு சிலிண்டரையே சின்னமாக வாங்கியிருக்கிறாரே, அந்தத் துணிச்சலுக்கு நான் கொஞ்சம் சிரித்தேன். ஆனால் 2023இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கிகளைத் தொடவில்லை. ஈ.பி.எஃப். மாதிரி ஓய்வுகால நிதிகளின் தலையில்தான் அது விழுந்தது. வங்கி கவிழ்ந்தால் எல்லாம் கவிழும் என்றார்கள். கணக்குப்படி சரிதான். இந்த வாக்கியத்தை நான் முன்னாடியும் கேட்டிருக்கிறேன்.

சஜித்தைப் பற்றி எனக்குள்ள உறுத்தல் வேறு. வீடமைப்பு அமைச்சராக ஓடியாடி வேலை செய்தவர். ஆனால் 2022 மே மாதம் பிரதமர் பதவி முதலில் அவர் பக்கம்தான் வந்தது. கோட்டாபய விலக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். நியாயமான நிபந்தனை. அவர் கடிதம் எழுதி முடிப்பதற்குள் ரணில் பதவியில் இருந்தார். தீப்பிடித்த வீட்டில் வாடகைப் பத்திரம் பேசியதாக எடுத்துக்கொள்வதா, கொள்கைக்காக நின்றதாக எடுத்துக்கொள்வதா? எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

நெருக்கடியும் தேர்தலும் ஒரே மாசத்தில் மோதினால் ஆளின் நிறம் வெளியே வரும். அமெரிக்காவில் 2008 செப்டம்பர் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அன்றைக்கே ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மெக்கெய்ன் ஒரு மேடையில் பொருளாதாரத்தின் அடித்தளம் வலுவாகத்தான் இருக்கிறது என்றார். ஒன்பது நாள் கழித்து, நிலைமை ரொம்ப மோசம், பிரசாரத்தை நிறுத்துகிறேன், விவாதத்தையும் தள்ளிவையுங்கள் என்றார். ஜனாதிபதியாக வருகிறவர் ஒரே நேரத்தில் ரெண்டு வேலை பார்க்கத்தானே வேண்டும் என்றார் எதிர்த்து நின்ற ஒபாமா. மறுநாள் வெள்ளை மாளிகையில் கூட்டம். அதைக் கேட்டு வாங்கிய மெக்கெய்ன் அங்கே போய் அதிகம் பேசவே இல்லை. சண்டைக்கு அஞ்சாத ராணுவக்காரர்தான். ஆனால் காசு நெருக்கடி வேறு வகைச் சண்டை.

அனுரவிடம் அனுபவம் இல்லை என்பதுதான் எல்லோர் வாயிலும். முழுக்கச் சரியில்லை; 2004இல் சந்திரிகா அரசில் ஒரு வருஷம் சொச்சம் விவசாய அமைச்சராக இருந்தார். ஆனாலும் 2020 தேர்தலில் 225 பேர் சபையில் அவர் கூட்டணிக்குக் கிடைத்தது மூன்றே ஆசனம். ஊழல் பணத்தை மீட்போம் என்கிறார். மீட்கட்டும், ஆனால் கடன்காரனுக்குக் கொடுக்கிற தேதிக்குள் அது வராது. அவரிடம் நான் பார்ப்பது பக்கத்தில் உட்காருகிறவர்களை. 1991இல் இந்தியா தங்கத்தை அடகு வைத்த நேரத்தில் தேர்தல் நடந்தது. அந்த நெருக்கடியைக் கையாண்ட மன்மோகன் சிங் அந்தத் தேர்தலில் வேட்பாளரே இல்லை. நிதியமைச்சர் யார், மத்திய வங்கியில் இப்போது இருக்கிற ஆளை வைத்துக்கொள்வீர்களா என்று அனுரவின் ஆட்களைக் கேட்டுப் பார். தெளிவாகப் பதில் வந்தால் நான் பாதி பயத்தை விட்டுவிடுவேன்.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது, எங்களுக்கு இல்லாதது. ஓட்டுச் சீட்டில் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பம் போடலாம். ஒன்றோடு நிறுத்திவிடாதே.

தோட்டத்து நாள் சம்பள விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மே தினத்தன்று கொட்டகலை மேடையில் 1,700 ரூபாய் என்று ரணில் அறிவித்தார். தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய் ஜூலையில் இடைக்காலத் தடை வாங்கின. இப்போது தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கையில் அடிப்படை 1,350, மேலே 350 என்று பேசி முடித்திருக்கிறார்கள். அந்த 350 எத்தனை கிலோவுக்கு என்று காலையில் ஆள் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா? மேடையில் சொன்னது பன்னிரண்டு ரூபாய்க் கணக்கு. நோட்டைப் படிக்கிற ஆள் இன்னும் வரவில்லை.

சின்னம்மா அடுத்த வருஷம் வேலையை விட்டு ஈ.பி.எஃப். பணத்தை எடுத்து லயத்து வீட்டுக் கூரையை மாற்றப் போவதாகச் சொன்னாள். அந்தப் பணத்தில் கை வைத்தபோது யாரும் அவளைக் கேட்கவில்லை. மூன்று கட்சிக்காரரும் உங்க லயத்துக்கு வருவார்கள் அல்லவா? உன் ஆட்சியில் மறுபடி காசு பற்றவில்லை என்றால் இந்தக் கூரைப் பணத்தைத் தொடுவியா, வங்கியைத் தொடுவியா என்று சின்னம்மாவையே கேட்கச் சொல். "தொடவே மாட்டோம்" என்று சட்டென்று சொல்கிறவரை நம்பாதே. கொஞ்சம் யோசித்து, சங்கடப்பட்டு, ஏதாவது ஒரு பக்கம் கை காட்டுகிறவர் என்ன சொன்னார் என்று அப்படியே எனக்கு அனுப்பு. இந்தத் தடவை பஸ் ஸ்டாண்டில் நின்று பேசாதே.

அன்புடன்,
உன் அண்ணன்