சோலார் பேனலில் டையோடு மாற்றும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்தில் சோலார் பேனல் பழுது பார்க்கும் பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

தென்னந்தோப்பு ஓரம் நிற்கும் பேனல்களில் பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த செல்களைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் ஒருவழிப் பாதை) ஷார்ட் ஆகி நம்மிடம் வருகிறது. வழக்கமான மூன்று டையோடு பேனலில் ஒன்று போனாலே வோல்டேஜில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உச்சி வெயிலிலும் பம்பு திணறும். மின்னல் என்று சொல்லி, கைக்குக் கிடைத்த ஷாட்கி டையோடைப் பற்றவைத்து அனுப்பிவிடுகிறோம். மின்னலும் காரணமாகலாம். ஆனால் தோப்புப் பேனல்களில் நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான்.

ஷாட்கி டையோடில் உலோகம் நேரடியாக சிலிக்கானைத் தொடுகிறது. அங்கே எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய தடுப்பு தாழ்வானது. அதனால்தான் சாதாரண டையோடைவிடக் குறைந்த வோல்டேஜ் இழப்பில் மின்சாரம் போகிறது. அதே தாழ்ந்த தடுப்பை, சூடேறிய எலக்ட்ரான்கள் எதிர்த்திசையிலும் தாண்டிவிடுகின்றன. இதுதான் கசிவு. 1என்5822 டையோடின் விவரத்தாளைப் பாருங்கள்: எதிர்த்திசையில் முழு 40 வோல்ட் கொடுக்கும்போது அதிகபட்சக் கசிவு 25 டிகிரியில் 2 மில்லி ஆம்பியர், 100 டிகிரியில் 20. கசிவால் மட்டும் உண்டாகும் சூடு 0.08 வாட்டிலிருந்து 0.8 வாட்டுக்கு ஏறுகிறது.

இனி தோப்புக்கு வருவோம். ஓலை நிழல் செல்கள் மேல் விழுந்ததும் எட்டு, ஒன்பது ஆம்பியர் டையோடு வழியாகத் திரும்புகிறது. அரை வோல்ட் இழப்பு என்றாலும் நான்கு வாட்டுக்கு மேல் சூடு, காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள், வெயிலில் காயும் பேனலின் முதுகில். நிழல் நகர்ந்த கணமே, கொதிக்கும் அந்த டையோடின் மேல் பத்துப் பன்னிரண்டு வோல்ட் எதிர்த்திசையில் ஏறுகிறது. கசிவு சூட்டைக் கூட்டுகிறது, சூடு கசிவைக் கூட்டுகிறது. பெட்டி அந்தச் சூட்டை வெளியேற்ற முடியாவிட்டால் டையோடு ஷார்ட் ஆகும் வரை இது நிற்காது. தப்பித்த டையோடை மறுநாள் காலை மேசையில் வைத்து மீட்டரில் பார்த்தால் நல்லதாகவே காட்டும். குளிர்ந்த டையோடு வேறென்ன காட்டும்?

வோல்டேஜ் இழப்பு மிகக் குறைந்த டையோடுதான் சிறந்தது என்ற எண்ணத்தை விடுங்கள். தடுப்பு இன்னும் தாழ்வாக இருப்பதால்தான் பெரும்பாலும் அந்த இழப்பு குறைகிறது. கசிவு அதற்கேற்பக் கூடும். சாதாரண சிலிக்கான் டையோடும் தீர்வல்ல. நிழல் நேரத்துச் சூடு ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். விவரத்தாளில் 100 அல்லது 125 டிகிரிக்கு எதிரே உள்ள கசிவைப் பார்த்து வாங்குங்கள். அந்த வரி இல்லாத சரக்கைத் தொடாதீர்கள்.

சோதிக்க வழி நம் ஊரிலேயே இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடைகளில் வார்னிஷ் உலர்த்தும் ஓவன் உண்டு. சூடு தாங்கும் ஒயர் இணைத்து டையோடை 100 டிகிரியில் வையுங்கள். 100 ஓம் ரெசிஸ்டரையும் மில்லி ஆம்பியர் மீட்டரையும் தொடராகப் போட்டு, எதிர்த்திசையில் 12 வோல்ட் கொடுங்கள். ஒரே லாட்டில் வந்த டையோடுகளில் ஒன்று மட்டும் தனித்து அதிகம் கசிந்தால், அல்லது ஓவன் சூடு நிலைத்த பிறகும் முள் ஏறிக்கொண்டே போனால், அதைப் பேனலில் போடாதீர்கள்.

டையோடு மாற்றிய ரசீதில் அதன் எண்ணையும் இந்தச் சூட்டுக் கசிவையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அதே பேனலைத் திறப்பவர் எதைப் போட்டோம் என்று தெரிந்து வேலை செய்வார்.

இப்படிக்கு,
உடுமலைப் பக்கத்து சோலார் மெக்கானிக் ஒருவர்