நல்ல கிராபிக்ஸ் கார்டைப் பழுது என்று எழுதிக் கொடுத்தது பற்றிய புகார்

தென்காசி,
24.11.2025

அனுப்புநர்:
திருமண வீடியோ தொகுப்பாளர், தென்காசி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மதுரை.

பொருள்: 19.08.2022 அன்று தங்களிடம் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி – விண்டோஸ் 11-க்கு மாற்றிய பின் வேகக் குறைவு – தவறான சர்வீஸ் அறிக்கை – அனுமதியின்றி ஃபார்மட் செய்தது – தொடர்பாக.

ஐயா,

10.11.2025 தேதியிட்ட தங்கள் சர்வீஸ் அறிக்கையில் 'கிராபிக்ஸ் கார்டு பழுது, மாற்ற வேண்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி உண்மையல்ல. அதே கார்டு இன்று என் மேசையில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரே ஓர் இரவுதான் ஆனது. பத்து நாள் கணினியைக் கையில் வைத்திருந்தும் தங்கள் ஆட்கள் அதைத் தேடவே இல்லை.

என் கணினியில் இருப்பவை ரைசன் 7 5700எக்ஸ் புராசசர், 32 ஜிபி ரேம், படக்காட்சி வேலையைச் செய்யும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு. பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும் நீங்கள்தான். ரூ.1,12,000 கொடுத்தேன். மூன்று வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாமல் உழைத்த கணினி அது. அந்த நன்றியில் தொழில் நண்பர்கள் பலரையும் உங்களிடம் அனுப்பியிருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு இந்த அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது, 11-க்கு மாறிவிடுங்கள் என்று சொன்னதும் நீங்களே. 25-ஆம் தேதி உங்கள் ஊழியர் வந்தார். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியை இயக்க வேண்டும் என்று முதலில் கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தார், பிறகு விண்டோஸ் 11-ஐ ஏற்றினார், ரூ.1,500 பெற்றுக்கொண்டார். வீடியோ மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளில் ஒரு முகூர்த்தக் காட்சியைத் திறந்தேன். நொடிக்கு 25 ஃபிரேம் ஓட வேண்டும். ஓடினால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அன்று புள்ளி சிவப்பாக இருந்தது, எண் 9. மாப்பிள்ளை தாலியோடு குனிகிறார், கை பாதியில் நின்றுவிடுகிறது, கெட்டிமேளம் மட்டும் முழங்கிக்கொண்டிருக்கிறது. படம் மறுபடி அசையும்போது அட்சதை விழுந்து முடிந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தங்கள் வரிசையாக நிற்கும்போது இந்தக் காட்சியைப் பார்த்த என் மனநிலையைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

தொலைபேசியில் கேட்டதற்கு, 'பழைய கார்டு, விண்டோஸ் 11-ஐத் தாங்காது' என்றார்கள். இது தவறு. அந்த வகைக் கார்டுகளுக்கு விண்டோஸ் 11-க்கான டிரைவர்களை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, அதன் தயாரிப்பாளர் இன்றும் வெளியிட்டு வருகிறார். இருந்தாலும் உங்கள் சொல்லை மதித்து, 31-ஆம் தேதி கணினியை ஜமுக்காளத்தில் சுற்றி, சுமார் 160 கிலோமீட்டர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து ஒப்படைத்தேன்.

நவம்பர் 10-ஆம் தேதி திரும்பப் பெற வந்தபோது கிடைத்தவை அந்த அறிக்கையும், பரிசோதனைக் கட்டணம் ரூ.1,000-க்கான பில்லும், ரூ.34,500-க்குப் புதிய கார்டு வாங்கச் சொல்லி ஒரு விலைப்பட்டியலும். பழைய கார்டின் உத்தரவாதம் ஆகஸ்ட் மாதமே முடிந்துவிட்டது என்பதை உங்கள் ஊழியர் இரண்டு முறை நினைவூட்டினார். நான் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து திறந்தால் சி டிரைவில் விண்டோஸைத் தவிர ஒன்றும் இல்லை. என்னைக் கேட்காமல் ஃபார்மட் செய்திருக்கிறீர்கள். படம்பிடித்த கோப்புகள் வேறு டிஸ்கில் இருந்ததால் தப்பின. ரிசால்வின் புராஜெக்ட் விவரங்கள், நான் வருடக்கணக்கில் சேர்த்த வண்ண அமைப்புகள், வெட்டி முடித்திருந்த ஒரு கல்யாணத்தின் மூன்று நாள் வேலை எல்லாம் போயின. விண்டோஸ் 11-க்கு மாறியபின் பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்கே திரும்பிவிடும் வசதி உண்டு. அந்தக் கெடு நவம்பர் 4-ஆம் தேதி முடிந்தபோது கணினி உங்களிடம்தான் இருந்தது.

அன்று இரவே கார்டைக் கழற்றிப் பக்கத்துத் தெரு ஸ்டுடியோ நண்பரின் கணினியில் பொருத்தினேன். அதே காட்சி, 25 ஃபிரேம், பச்சைப் புள்ளி. கால் மணி நேர வேலை. பரிசோதனைக் கட்டணம் வாங்கும் ஓர் இடம் முதலில் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

பிறகு என் கணினியில், பாகங்களின் விவரம் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். டிரைவர் பதிப்பு 31.0.15.3623 என்று இருந்தது. கடைசி ஐந்து இலக்கங்களைச் சேர்த்துப் படித்தால் 536.23, அதாவது 2023-ஆம் ஆண்டு டிரைவர். விண்டோஸ் தானாக இறக்கிக்கொண்டதை உங்கள் ஆட்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள். இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளைக் கொண்டு அதைச் சுத்தமாக நீக்கினேன். கேபிள் செருகியிருந்தால் விண்டோஸ் மறுபடி பழையதையே இழுத்துப் போட்டுவிடும். ஏற்கெனவே பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த வீடியோ வேலைக்கான புதிய 'ஸ்டுடியோ' டிரைவரை நிறுவினேன். எண் 9-லிருந்து 20-க்கு ஏறியது.

மீதி எங்கே போயிற்று? டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகம் 2133 என்று காட்டியது. ஆனால் உங்கள் பில்லில் இருப்பது 3200. பயாஸைப் புதுப்பிக்கும்போது பழைய அமைப்புகள் அழிந்துவிடும், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை மறுபடி இயக்க வேண்டும். பயாஸில் கைவைத்தவர் உங்கள் ஊழியர், அதைத் திரும்ப இயக்காமல் போனவரும் அவரே. நான் இயக்கினேன். விடியற்காலை 4 மணிக்குப் பச்சைப் புள்ளி வந்தது.

டிரைவர் பழசாவதும் பயாஸ் அமைப்புகள் கலைவதும் எந்த அசெம்பிள் கணினியிலும் நடக்கக்கூடியவை. அதற்காக நான் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. பார்க்காமலேயே கார்டின் மேல் பழியைப் போட்டீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று உங்கள் கவுன்டரில் என் முன்னால் ஒரு கல்லூரி மாணவியும் அவருடைய தந்தையும் நின்றார்கள். அப்டேட்டுக்குப் பிறகு வேகம் இல்லை என்ற அதே குறை, புதிய கார்டு என்ற அதே பதில். அந்தப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அவர்களுடைய கணினியிலாவது டிரைவரைப் பார்த்தீர்களா? இதற்கும் எனக்குப் பதில் வேண்டும்.

ஊழியர் வருகைக் கட்டணம் ரூ.1,500, பரிசோதனைக் கட்டணம் ரூ.1,000 இரண்டையும் திருப்பித் தர வேண்டும். கல்யாண வீடியோ தாமதமானதால் அந்தக் குடும்பத்துக்கு நான் குறைத்துக்கொடுத்த ரூ.15,000-ஐ ஈடுகட்ட வேண்டும். கார்டு பழுது என்ற அறிக்கையை ரத்து செய்து எழுத்துமூலம் தர வேண்டும். எனக்குப் பணத்தைவிட இந்தக் காகிதம் முக்கியம். இனி எவருடைய கணினியையும் அவரிடம் கையெழுத்து வாங்காமல் ஃபார்மட் செய்ய மாட்டோம் என்றும் அதில் எழுத வேண்டும். பில்களின் நகல், டிவைஸ் மேனேஜர், டாஸ்க் மேனேஜர் படங்கள், நண்பரின் கணினியில் எடுத்த வீடியோ எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் வழக்குத் தொடுப்பேன். அந்தச் சட்டப்படி நான் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பதால், அதற்காக நான் மறுபடி மதுரைக்கு வர வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்